தேவன் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி

அழுக்கைக் கண்டால் தாங்காத ஒரு மனிதர், தன்னோடு வாழ வந்த உயிருக்கு எவ்வளவு இடம் விட முடியும்? தேவனின் வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது. சுத்தத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு என்பதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்று இப்போது வரிசை வீடுகள் நிற்கும் இடத்தில் அவர் குடியிருந்தார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். அம்மா கருப்பம்மாள் புல்வெட்டுக் கும்பலில் வேலை பார்த்தவள். மரத்துக்கு மரம் நடுவே ஒரு பச்சை தெரியக்கூடாது, தெரிந்தால் கங்காணி மறுபடியும் அதே நிரைக்கு அனுப்புவார். வீட்டுக்கு வந்தும் அவள் கை சும்மா இருக்காது, வாசலில் முளைத்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கை மகனுக்கு அப்படியே வந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும், ஈப்போ போகும் சாலையில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில் அவர் பார்த்த வேலை அதுதான். கையுறைகளுக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எதிலாவது கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டு விழுந்தால் போதும், அதைத் தள்ளிவிடுவார். அவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை இல்லை என்று மேற்பார்வையாளர்கள் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அதற்காக அவரை மெச்சுவதற்கு முன் அவர் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சரளா தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருந்தாள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது பேராக் முழுவதும் உள்ள பழக்கம். தேவனும் இளவயதில் அப்படிக் கேலி செய்தவர்தான். கல்யாணமாகிச் சில வருஷங்களில் சரளாவின் காதுக்குள் இரைச்சல் தொடங்கியது. முதலில் யாரோ பேசுவதாகச் சொன்னாள். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்தினாள். மாத்திரை, சில நல்ல மாதங்கள், மறுபடியும் மருத்துவமனை என்று காலம் ஓடி, இந்தக் கடைசித் தடவை போனவள் திரும்பவில்லை. தேவன் அவளை அடித்தவரில்லை, ஏசியவரும் இல்லை. அவள் சமைத்து முடித்ததும் அடுப்பைத் துடைப்பார். உட்கார்ந்து எழுந்த இடத்தைத் துடைப்பார். கையில் மாவு ஒட்டியிருந்தால் துணியை நனைத்து அந்தக் கையையும் துடைப்பார். ஒருமுறை அவள் தன் தங்கை தினேஸ்வரியை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் இருக்கற எடமெல்லாம் இவரு பின்னாலயே தொடைச்சுகிட்டு வர்றாரு. ஒருநாளு என்னையும் தொடைச்சு எடுத்துருவாருலா." எல்லாரும் சிரித்தார்கள். தேவனும் சிரித்தார். துணி கையில்தான் இருந்தது.

தொட்டி வந்த கதை இதுதான். பல்வலிக்காக ஒருநாள் அனுமதி வாங்கி, சரளாவை ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். காத்திருக்கும் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. உள்ளே பவளங்கள் அசைந்தன. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் அவற்றுக்குள் புகுந்து புகுந்து வந்தன. பல மாதமாக ஒரு முழு வாக்கியம் பேசாத சரளா கண்ணாடியில் கையை வைத்து, "இதுங்களுக்கு இரைச்சலே இல்ல" என்றாள்.

தேவன் அதை மறக்கவில்லை. அடுத்த முறை விசாரித்தபோது மனநல மருத்துவர், சரளாவுக்குத் தீபாவளிக்குச் சில நாள் வீட்டு விடுப்பு தரலாம் என்றார். அது நல்லபடியாகப் போனால் அவளை வீட்டுக்கே அனுப்புவது பற்றி யோசிக்கலாம். தேவனுக்கு அது போதுமாக இருந்தது. தீபாவளிக்குள் அந்தக் கூடத்தில் பார்த்த தொட்டி வீட்டில் இருக்க வேண்டும், அதைப் பார்த்து அவள் தங்கிவிட வேண்டும். பிறகு அவர் செய்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஈப்போவில் வளர்ப்புக் கடல்மீன் கடை வைத்திருந்த தவுக்கே, அதாவது முதலாளி, வயிரவன். செட்டிநாட்டு வட்டிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. கணக்காய்வு படித்துவிட்டு மீன் விற்கிறான் என்று வீட்டில் இன்னும் திட்டு வாங்குகிறவர். தொட்டியும் விளக்கும் பாறையும் உப்பும் ஏற்றி அனுப்பும்போது அவர் ஒன்று சொன்னார்.

"அண்ணே, புதுத் தொட்டி மொதல்ல அசிங்கமாத்தான் இருக்கும். பழுப்பா தூசி படியும், அப்பறம் பச்சையா முடி மாதிரி வரும், அப்பறம் அதுவா அடங்கும். பதறாதீங்க."

"எங்க வீட்டுல அசிங்கம் வராது தவுக்கே" என்றார் தேவன்.

வந்தது. தண்ணீரில் உப்பு கரைந்து, இரண்டு மீன்கள் விடப்பட்டு, பொத்தான் பொத்தானாக இருந்த ஒரு சின்னப் பவளமும் பாறையில் ஒட்டப்பட்டுச் சில வாரங்களில் வெள்ளை மணலின் மேல் பழுப்பு மாவு தூவினாற்போல் படிந்தது. விரலால் தொட்டால் புகையாகக் கலையும் மாவு. புதுப் பாறையிலும் தண்ணீரிலும் இருக்கும் சத்தைத் தின்று வளரும் சாதாரணப் பாசி அது. சத்து தீர்ந்தால் தானே போய்விடும். தேவன் அதைப் போக விடவில்லை. வேலைக்குப் போகுமுன் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்தார். வந்ததும் மணலை உறிஞ்சி அலசினார். தினமும் வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினார். பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டை உறிஞ்சி எடுக்கும் குறுணை ஒன்று வயிரவன் கடையில் இருந்தது. பார்க்கக் கரடுமுரடான செம்மண் போல இருக்கும். அரைக் கரண்டி என்று சொல்லிக் கொடுத்ததை அவர் கைநிறைய அள்ளி ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிட்டார். மீன்களுக்கு ஒன்றிரண்டு துணுக்குக்கு மேல் தீனி போடவில்லை. தின்றது கழிவாகும், கழிவு அழுக்காகும் என்பது அவர் கணக்கு.

சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை ஊற்றி மருந்து சொட்டினால், பாஸ்பேட் இருந்தால் நீலம் காட்டும். ஒருநாள் நிறமே வரவில்லை. தேவன் அதைப் படம் பிடித்து வயிரவனுக்கு அனுப்பினார். தொழிற்சாலையில் கசியாத கையுறையைப் பார்க்கும்போது வரும் நிம்மதி அவருக்கு அன்று வந்தது.

வயிரவன் உடனே கூப்பிட்டார். "அண்ணே, சைபர்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல. பட்டினின்னு அர்த்தம். அந்தக் குறுணைய எடுத்துருங்க."

"நல்லா இருக்கறத ஏன் தம்பி எடுக்கணும்?"

அதன் பிறகு வந்தது வேறு. முதலில் தேவன் அதைப் பழைய பழுப்பு என்றே நினைத்தார். ஆனால் இது மாவாக இல்லை, சளி போல இருந்தது. மணலிலும் பாறையிலும் ஒட்டி, நூல் நூலாக மேலே நீண்டு, ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு காற்றுக்குமிழியைத் தாங்கி நின்றது. விளக்குப் போட்டதும் கிளம்பும், நடுப்பகலில் தொட்டி முழுக்க ஆடும். விளக்கு அணைந்து விடிந்தால் பாதிக்கு மேல் காணாது. போய்விட்டது என்று நினைத்தால் மதியம் மறுபடியும் நிற்கும். பாசி தின்னட்டும் என்று விட்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. தேவன் இன்னும் வேகமாகத் தேய்த்தார், இன்னும் தண்ணீர் மாற்றினார். தேய்க்கத் தேய்க்க அது தடித்தது.

தீபாவளி நெருங்கிவிட்டது. ஒரு புட்டியில் அந்தச் சளியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார். வயிரவன் புட்டியை நன்றாகக் குலுக்கினார். எல்லாம் கலைந்து கலங்கல் தண்ணீரானது. அதை டிஷ்யூ தாளில் வடிகட்டித் தெளிவாக இறங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் விளக்கடியில் வைத்தார்.

"வாங்க, பக்கத்துல கோப்பி குடிச்சுட்டு வருவோம்."

"கோப்பி குடிக்கவா தம்பி இவ்வளவு தூரம் வந்தேன்?"

"நான் தர்ற வைத்தியத்த நம்ப மாட்டீங்க. மொதல்ல கண்ணால பாருங்க. வாங்க."

திரும்பி வந்தபோது, தெளிந்திருந்த தண்ணீரில் பழுப்பு நூல்கள் மறுபடியும் கூடியிருந்தன. தேவன் குனிந்து பார்த்தார்.

"பார்த்தீங்களா? அந்தப் பழைய தூசியா இருந்தா சேராது. இது நீந்தற உயிரு. ஒண்ணையொண்ணு தேடிப் புடிச்சுக்கும். தண்ணியில ஒண்ணுமே இல்லாம சுத்தமா இருந்தா, மத்ததெல்லாம் சாவும், இது மட்டும் கொண்டாட்டமா இருக்கும்" என்றார் வயிரவன். பிறகு, "நீங்க எஸ்டேட்ல பொறந்தவருதானே. காட்ட மொட்டையா விட்டா என்ன வரும்?"

"லாலான் புல்லு."

"அப்ப என்ன செய்வாங்க?"

 தேவனுக்கு அது தெரியும். மறுநடவுக்கு மரங்களை வீழ்த்திய காட்டில், புல்வெட்டுகிறவர்களையே அனுப்பி ஒரு கொடியை விதைப்பார்கள். அது தரையை மூடிக்கொண்டால் லாலான் தலை தூக்காது. அம்மா விதைத்ததைப் பார்த்திருக்கிறார். சுத்தமாக வெட்டிய தரையில் இவர்களே ஏன் பச்சையைப் போடுகிறார்கள் என்று அப்போதே அவருக்கு உறுத்தியிருந்தது.

"குறுணைய எடுத்துருங்க. தண்ணி மாத்தாதீங்க. மீனுக்கு வயிறு ரொம்பத் தீனி போடுங்க. தேய்க்கவே தேய்க்காதீங்க. பச்சை வந்தா வரட்டும், அது நல்லது. அப்பறம் மூணு நாளு கறுப்புப் பை சுத்தி இருட்டுல போடுங்க. வெளிச்சம் ஒரு பொட்டு உள்ள போகக் கூடாது."

"அழுக்கு சேக்கச் சொல்றீங்க."

"ஆமாண்ணே. வேற வழி இல்ல."

மனிதர் தனக்குச் சொல்லப்படும் உண்மையில் தன்னால் தாங்க முடிந்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். தேவன் இருட்டை எடுத்துக்கொண்டார். குறுணை அப்படியே இருந்தது.

விடுப்புத் தேதி முன்கூட்டியே வந்துவிட்டது. சரளா வருவதற்கு முந்தின சாயங்காலம் குப்பைப் பைகளை வெட்டித் தொட்டியைச் சுற்றி நாடா ஒட்டினார். அவள் வந்து மூன்றாம் நாள் பிரித்தால் தொட்டி பளிச்சென்று இருக்கும் என்பது அவர் எண்ணம். ஆகவே சரளா வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் கறுப்பாக ஒன்று நின்றது.

"என்னது அது?" என்று அவள் தங்கையிடம் கேட்டாள்.

"மீன்தான்க்கா. மாமா உனக்குன்னு வாங்குனாரு" என்றாள் தினேஸ்வரி. "இப்பப் பாக்கக் கூடாதாம். பொண்ணு பாக்கற மாதிரி நாளு பாத்துத்தான் தெறப்பாராம்."

சரளா சிரிக்கவில்லை. அன்று முழுவதும் அந்தக் கறுப்புக்கு எதிரில் உட்காராமல் அடுக்களையிலேயே நின்றாள். உள்ளே மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. தேவன் தட்டுகளைக் கழுவி வரிசையாக அடுக்கினார்.

மறுநாள் அவருக்கு வேலை. மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. தினேஸ்வரி கூட இருக்கிறாள் என்ற தைரியத்தில் போனார். சாயங்காலம் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கறுப்புப் பைகள் நான்காக மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் பழுப்பு நூல்கள் எழும்பி, குமிழிகளைத் தாங்கி, நீரோட்டத்தில் ஒருசேரச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தன. சரளா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுத் தட்டு, பாதிக்கு மேல் தின்றிருந்தாள்.

"காலையில அவளே பிரிச்சுட்டா மாமா. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றாள் தினேஸ்வரி மெதுவாக. "ஆனா பேசிகிட்டே இருக்கா. அத்தன நேரமும் பேசிகிட்டே இருக்கா."

சரளா திரும்பாமலே சொன்னாள். "இங்க பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு மூச்சப் புடிச்சுகிட்டு நிக்குது. விட மாட்டேங்குது. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் விடுது." ஒரு நூலின் முனையிலிருந்து குமிழி கழன்று மேலே போயிற்று. அவள் அதைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். "நீங்களா வளத்தீங்க இத?"

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட கேள்விகள் குறைவு. பதிலுக்காகத் திரும்பிப் பார்த்துக் கேட்டவை அதிலும் குறைவு. இப்போது திரும்பிப் பார்த்தாள்.

"அது அழுக்கு சரளா" என்றார் தேவன். "கொஞ்சம் தள்ளிக்க."

வாளியும் குழாயும் எடுத்து வந்தார். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு நூல்களை ஒவ்வொன்றாக உறிஞ்சினார். பாறையைத் தேய்த்தார். ஒரு நாள் இருட்டு வீணாகிவிட்டது, இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கவலைதான் அவர் மனதில் இருந்தது. கோபம் இல்லை, முகத்தில்கூட இல்லை. தினேஸ்வரி அவர் கையைப் பிடிப்பது போல ஒரு அடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். சரளா தொட்டியைப் பார்க்கவில்லை. வாளிக்குள் விழுந்த பழுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடியில் போய்ச் சேர்ந்து அசையாமல் கிடந்தது. அவர் கடைசியாக, அவள் பாவாடை ஓரத்தில் தெறித்திருந்த ஒரு துளியையும் குனிந்து துடைத்தார்.

"நான் எப்ப திரும்பிப் போவணும்?" என்று கேட்டாள் சரளா.

"இன்னும் நாளு இருக்குலா."

"இப்பவே போலாம்."

யாரும் சண்டை போடவில்லை. தினேஸ்வரி சமையலறையில் அழுதாள். இரண்டு நாள் சரளா சோற்றைத் தொடவில்லை, பேசவும் இல்லை. தீபாவளிக்கு முன்பே தேவன் அவளைத் தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய் விட்டார். அவர் கொண்டுவந்த புதுச் சேலையை அவள் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு அனுப்புவது பற்றி மருத்துவர் பேச்செடுக்கவில்லை. தேவனும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தொட்டியைத் தொடவில்லை. வெறுப்பினால் என்று சொல்ல முடியாது. வீட்டில் வேறு எதையும்கூட அவர் அந்த மாதங்களில் சரியாகத் துடைக்கவில்லை. விளக்கு தன் நேரத்துக்குத் தானே எரிந்து அணைந்தது. தண்ணீர் வற்றி மோட்டார் கத்தினால் மட்டும் ஒரு வாளி ஊற்றுவார். மீன்களின் ஞாபகம் வந்தால் டப்பாவிலிருந்து ஒரு குத்துத் தீனியைக் கொட்டுவார், அளவு பார்க்காமல். பைக்குள் இருந்த குறுணை உறிஞ்சும் சக்தி தீர்ந்து வெறும் மண்ணாகக் கிடந்தது.

கண்ணாடியில் பச்சைப் படலம் மூடுபனி போல ஏறியது. பாறையின் முகட்டில் குட்டையாகப் பச்சை முளைத்தது. பழுப்பு நூல்கள் மெலிந்தன, மணலின் ஒரு மூலைக்கு ஒதுங்கின, பிறகு ஒருநாள் மதியத்திலும்கூடக் காணாமல் போயின. பச்சையும் தானாகவே குறைந்தது. பாறையில் பொட்டுப் பொட்டாக ஊதா நிறம் தோன்றிப் பரவியது. செத்துவிட்டதாக அவர் நினைத்திருந்த பவளம் விரிந்து, பக்கத்தில் இன்னும் சில பொத்தான்களை விட்டது. சுங்கை சிப்புட் பக்கம் வந்த வயிரவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இதுதான்ணே தொட்டி. இந்த ஊதாவுக்குத்தான் ஆளுங்க வருஷக்கணக்கா காத்திருக்காங்க. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

"அதத்தானே நான் மொதல்லயே சொன்னேன்."

தேவன் தொட்டியைப் பார்த்தார். பல் மருத்துவரின் கூடத்தில் பார்த்ததுபோலவே இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. மீன்கள் பவளத்துக்குள் புகுந்து புகுந்து வந்தன. அவர் வயிரவனுக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுப் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போலத் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போய்வந்தார். தினேஸ்வரியும் சில சமயம் கூட வருவாள். சரளா பெரும்பாலும் பேசமாட்டாள். கொண்டுபோன பலகாரத்தைத் தின்பாள், ஜன்னலைப் பார்ப்பாள். தேவன் மேசையில் சிந்திய துகளைத் துடைக்கக் கை எடுத்து, எடுத்த கையை மடியில் வைத்துக்கொள்வார். ஒரு ஞாயிறு, கிளம்பும் நேரத்தில் அவள் கேட்டாள்.

"அது இன்னும் இருக்கா?"

மீனைப் பற்றிக் கேட்கவில்லை, அந்தப் பழுப்பு நூல்களைப் பற்றித்தான் என்பது அவருக்குத் தெரிந்தது.

"இருக்கு" என்றார்.

அவள் தலையாட்டினாள். வருவதாகவோ பார்க்க வேண்டும் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவரும் எந்தத் தேதியும் சொல்லியிருக்கவில்லை. திரும்பும் வழியில் தினேஸ்வரி, "ஏன் மாமா பொய் சொன்னீங்க? வந்து பாத்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள். அவர் வண்டி ஓட்டுவதிலேயே கவனமாக இருந்தார்.

அடுத்த விடுமுறை நாளில் அவர் வயிரவன் கடைக்குப் போனார். ஒரு பையில் இரண்டு மீன்கள். இன்னொரு பையில் தண்ணீரோடு, பாறைத் துண்டிலிருந்து பெயர்த்தெடுத்த பவளம். இரண்டையும் மேசையில் வைத்து, "நீங்க வச்சுக்குங்க தம்பி, நல்ல எடமாப் பாத்துக் குடுங்க" என்றார். பிறகு அலமாரியில் கை நீட்டி அந்தச் செம்மண் குறுணையில் பெரிய டப்பாவை எடுத்தார். கூடவே உப்பு மூட்டை ஒன்றும், தேய்க்கும் பிரஷ் ஒன்றும்.

வயிரவன் பார்த்தார். "எதுக்குண்ணே இது? இத்தன மாசம் கழிச்சு இப்பத்தான் சரியாயிருக்கு. இதப் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சீங்கன்னா, அந்தப் பழுப்பு திரும்பவும் வந்துரும்லா. தெரியும்தானே உங்களுக்கு?"

"தெரியும்" என்றார் தேவன்.

வயிரவன் இன்னும் ஏதோ கேட்டார். தேவன் மூட்டையை மோட்டார்சைக்கிளின் முன்னால் ஏற்றி, டப்பாவைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, சுங்கை சிப்புட் சாலையில் திரும்பினார்.